நீதி ஆசனமும் மந்திரி நாற்காலியும்

ஓவல் மைதானத்தின் ஓரத்திலே நம் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரமும் பம்பாய் உயர் நீதிமன்றமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் 1878-ல் கட்டி முடிக்கப்பட்டவை. ஒன்றில் நாம் பட்டம் பெறுகிறோம். மற்றொன்றில் நம் மக்கள் நியாயம் கேட்கிறார்கள். அந்த நீதிமன்றத்தின் தூண் ஒன்றில், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்திருக்கும் குரங்கு ஒன்றைச் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். நீதி தேவதைக்கு இரு கண்களையும் கட்டி வைப்பது வழக்கம். குரங்குக்கோ ஒரு கண் திறந்திருக்கிறது. அந்தத் திறந்த கண் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

நண்பர்களே! 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் 5-ம் தேதி கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய் ராஜிநாமா செய்தார். 7-ம் தேதி பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார். ஜூன் மாதம் தம்லுக் தொகுதியிலிருந்து மக்களவை உறுப்பினரானார். நீதி ஆசனத்திலிருந்து கட்சி மேடைக்கு வர அவருக்கு வேண்டியிருந்தது இரண்டே நாட்கள்! அதற்கு நான்காண்டுகளுக்கு முன், உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்து 2019 நவம்பரில் ஓய்வு பெற்ற ரஞ்சன் கோகோய், நான்கு மாதங்கள் கழிவதற்குள் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக்கப்பட்டார். அவர் பதவிப் பிரமாணம் செய்துகொண்ட நாளில் எதிர்க் கட்சியினர் கூச்சலிட்டு வெளிநடப்புச் செய்தனர். இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தனி அறிவும் அனுபவமும் உடையோருக்கென்று அரசியல் சட்டம் ஒதுக்கிய ஆசனங்களில் ஒன்று அது. இந்நான்கில் ஒரு தலைமை நீதிபதி எதிலே சேர்வார் என்பதை அவரவர் ஊகத்திற்கு விட்டுவிடுகிறேன்.

"இதையெல்லாம் சட்டக் கல்லூரி மாணவர்கள் எழுதட்டுமே; ரசாயனம் படிக்கும் உனக்கு என்ன வந்தது?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு வந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் ஆண்டாப் ஹில்லில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துச் சந்துகளிலே ஒரு நோட்டீஸ் வந்து ஒட்டப்பட்டால், அதைப் படித்துச் சொல்லக் கல்லூரிப் பையன்களைத் தேடி வருவார்கள். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து, இந்த நகரத்தின் அழுக்கைச் சுமந்தும் தோலைப் பதனிட்டும் இட்டிலி விற்றும் பிழைக்கிற மக்கள் அவர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை அவர்கள் அதிகம் நம்புவதில்லை. போலீஸ் நிலையத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் "கோர்ட்டுக்குப் போவோம்" என்று யாராவது ஒருவர் சொன்னால் மட்டும் அந்த முகங்களிலே சற்றுத் தெம்பு பிறக்கும். அந்தத் தெம்பு இந்த நாட்டின் செல்வம். ரிசர்வ் வங்கியிலே இருக்கும் தங்கத்தைவிட அது பெரிய செல்வம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கை வீண் நம்பிக்கையும் அன்று. சேலத்திலிருந்து 1961-ல் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்த நிலமற்ற விவசாயக் கூலித் தமிழர் ஒருவர் நடைபாதையிலே குடிசை கட்டி வாழ்ந்தார். 1981 ஜூலையில், கொட்டும் மழைக் காலத்திலே, அந்தக் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கே அவரை அனுப்பி வைத்தார்கள். ஊரிலே வேலையில்லை, மறுபடியும் வந்தார். அவரும் அவரைப் போன்ற பிறரும் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில்தான், 1985 ஜூலை 10-ம் தேதி, தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள், "உயிர் வாழும் உரிமை என்பதிலே பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும்" என்ற கருத்தை நிலைநாட்டினர். நடைபாதையை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்களா என்றால், இல்லை. முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மழைக்காலம் கழியும் வரை கை வைக்கக் கூடாது என்ற அளவிலேதான் பாதுகாப்புக் கிடைத்தது. ஆயினும், ஒரு கூலிக்காரரை எதிரே நிறுத்தி, "இவர் சொல்வதற்குப் பதில் சொல்" என்று மகாராஷ்டிர அரசாங்கத்தையும் பம்பாய் மாநகராட்சியையும் கேட்கக்கூடிய இடம் ஒன்று இந்நாட்டில் இருக்கிறது என்பது தெரிந்தது.

இப்போது கேட்கிறேன். அந்த ஐந்து நீதிபதிகளில் எவரேனும் ஒருவர், ஓய்வு பெற்ற மறுமாதம் அதே அரசாங்கத்தின் தயவிலே ஒரு பதவியை எதிர்பார்த்திருந்தால், அந்தச் சேலத்துக்காரருக்கு நியாயம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கலாம். ஆனால் தோற்றிருந்தால், நியாயமாகத்தான் தோற்றோம் என்று அவர் நம்பியிருப்பாரா? வழக்கில் தோற்கிறவனும் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டு போகிறானே, அதுதான் நீதிமன்றத்தின் வலிமை. அதற்குப் படையில்லை, பணமில்லை. தோற்றவனின் நம்பிக்கை ஒன்றுதான் அதற்குப் படையும் பணமும்.

இந்தப் பிரச்னை நேற்று முளைத்ததன்று. இதன் மிகச் சிறந்த உதாரணமும், மிகச் சிக்கலான உதாரணமும் இந்த நகரத்திலேயே பிறந்தவர்தாம். எம். சி. சாக்ளாவைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1900-ல் பம்பாயில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, ஜின்னாவின் அலுவலகத்திலே தொழில் பழகி, பின்னர் அவருடைய அரசியலிலிருந்து விலகி வந்தவர். அரசாங்கச் சட்டக் கல்லூரியிலே பாடம் சொன்னவர். 1941-ல் நீதிபதியானார். 1947 ஆகஸ்டு 15-ம் தேதி, நாடு விடுதலை பெற்ற அதே நாளில், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். பதினோராண்டுகள் அந்த ஆசனத்திலே வீற்றிருந்தார். திலகருக்கு 1908-ல் தண்டனை விதித்த அதே நீதிமன்ற மண்டபத்தில், 1956-ல் திலகரின் நினைவுப் பலகையைத் திறந்து வைத்தவரும் அவரே.

அவருடைய நேர்மையை உலகம் கண்டது 1958-ல். ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பரேஷன், முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளிலே சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்த விவகாரம் நாடாளுமன்றத்தில் வெடித்தது. விசாரிக்க நியமிக்கப்பட்ட ஒரு நபர் கமிஷன் சாக்ளா. கதவை மூடிக்கொண்டு விசாரிக்கவில்லை; பொது மக்கள் முன்னிலையில், ஒலிபெருக்கி வைத்து விசாரித்தார். சில வாரங்களிலேயே அறிக்கை கொடுத்தார். மந்திரிதான் பொறுப்பு என்றார். நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி, அதாவது நம் தமிழ்நாட்டுக்காரர், பதவி விலக நேர்ந்தது. நேருவின் நெருங்கிய சகா ஒருவரையே வீழ்த்திய அறிக்கை அது. சர்க்காருக்குச் சாமரம் வீசியவர் சாக்ளா என்று எதிரிகூடச் சொல்ல முடியாது.

ஆனால் அதே 1958-ல்தான் இன்னொன்றும் நடந்தது. எம். சி. சீதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷனில் சாக்ளாவும் ஓர் உறுப்பினர். நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் அரசாங்கத்திடம் பதவி ஏற்கலாகாது என்று அக்கமிஷன் ஒருமனதாகக் கருத்துத் தெரிவித்தது. அந்த அறிக்கையின் மை உலர்வதற்குள், அமெரிக்காவுக்கு இந்தியத் தூதராகச் செல்லும் பொறுப்பைச் சாக்ளா ஏற்றுக்கொண்டார். பிறகு லண்டனில் ஹை கமிஷனர். 1963 முதல் 1966 வரை மத்தியக் கல்வி மந்திரி. அதன்பின் வெளிநாட்டு மந்திரி. சீதல்வாட் தம் சுயசரிதையில் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

சாக்ளாவின் பக்கத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மந்திரிப் பதவியிலே அவர் என்ன செய்தார்? கோத்தாரி கல்விக் கமிஷன் 1964-ல் அமைக்கப்பட்டது அவர் காலத்தில். 1967 செப்டம்பரில் பதவியைத் தூக்கி எறிந்தாரே, எதற்காக? பல்கலைக்கழகப் படிப்பு முழுவதையும் சில ஆண்டுகளுக்குள் அந்தந்த வட்டார மொழிக்கு மாற்றிவிடும் திட்டத்தை அரசாங்கம் அவசர அவசரமாக மேற்கொண்டது. அது நாட்டின் ஒற்றுமையைக் குலைக்கும் என்று கருதி அவர் விலகினார். தாய்மொழியிலே விஞ்ஞானம் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குள்ள ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தமிழிலே ரசாயனம் எழுத முடியும், எழுத வேண்டும் என்று வாதாடுகிறவன் நான். ஆனாலும் மாநிலம் விட்டு மாநிலம் பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள், ஒரே இரவில் பாடமொழி மாறினால் எங்கே போவார்கள் என்ற கேள்வி அவருடைய ராஜிநாமாவிலே இருந்தது என்பதை மறுக்க முடியாது. 1965-ல் மொழிப் பிரச்னைக்காகச் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜிநாமா செய்ய முன்வந்ததைப் பெருமையோடு நினைவுகூரும் நாம், எதிர்த் திசையிலிருந்து வந்த இந்த ராஜிநாமாவுக்கும் மதிப்புக் கொடுப்போம். நாற்காலியை விட்டு எழத் தெரிந்த மந்திரிகள் நம் நாட்டிலே அதிகம் இல்லை. 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது, எழுபத்தைந்து வயதிலே, மேடையேறி அதைக் கண்டித்தவர்களில் சாக்ளாவும் ஒருவர்.

ஆகவே, நீதிபதி அரசியலுக்கு வந்தால் அரசியல் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. அரசியலுக்கு அதனால் லாபம்கூட உண்டு. நஷ்டம் நீதிமன்றத்துக்குத்தான். சாக்ளாவின் தீர்ப்புகளை எவரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் யோக்கியர் ஒருவர் ஒரு வாசலைத் திறந்து வைத்தால், அவருக்குப் பின்னால் யார் யாரோ அதன் வழியே வருவார்கள். "சாக்ளா போகவில்லையா?" என்பது பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் கிடைத்த கேடயம்.

பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். பகாருல் இஸ்லாம் காங்கிரஸ் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, 1972-ல் நேரே கௌஹாத்தி உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியானவர். ஓய்வு பெற்றபின் 1980-ல் உச்ச நீதிமன்றத்துக்கும் அழைத்து வரப்பட்டார். 1982 டிசம்பரில், பீகாரின் காங்கிரஸ் முதலமைச்சர் ஜகந்நாத் மிஸ்ரா மீதிருந்த கிரிமினல் வழக்கை வாபஸ் வாங்க அனுமதித்த பெரும்பான்மைத் தீர்ப்பிலே அவர் இருந்தார். மறுமாதமே ராஜிநாமா செய்து காங்கிரஸ் வேட்பாளரானார்; 1983-ல் மீண்டும் மாநிலங்களவைக்குச் சென்றார். அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சரியென்று இனி எவரை நம்ப வைப்பது? ஆகவே இது ஒரு கட்சியின் நோய் அன்று. 1983-ல் காங்கிரஸ் செய்ததை 2020-ல் பாரதிய ஜனதா செய்தது. ஆள்கிற இடத்தில் யார் இருந்தாலும் அந்த இடத்தின் குணம் அப்படி.

நம்மவர் ஒருவரையும் இங்கே சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஈரோடு மாவட்டத்துக் கிராமத்திலிருந்து உயர்ந்து, 2013-ல் இந்தியாவின் தலைமை நீதிபதியான பி. சதாசிவம், 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்று, செப்டம்பரிலேயே கேரளத்தின் கவர்னரானார். தமிழர் ஒருவர் தலைமை நீதிபதியானபோது நாம் மகிழ்ந்தோம், நியாயமான மகிழ்ச்சி. ஐந்து மாதத்திலே கவர்னரானபோதும் "தமிழனுக்குப் பதவி" என்று மகிழலாமா? பிறர் செய்தால் பிழை, நம்மவர் செய்தால் பெருமை என்றால் நம் தராசிலும் கோளாறு என்றுதான் பொருள்.

இந்த ஆபத்தை நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் அறியாமலில்லை. கணக்குத் தணிக்கைத் தலைவர், பதவிக் காலம் முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கக் கூடாது என்று 148-வது விதி சொல்கிறது. மத்தியத் தேர்வாணையத் தலைவருக்கும் 319-வது விதி அப்படியே தடை போடுகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்தவர் எந்த நீதிமன்றத்திலும் வக்கீலாக வாதாடக் கூடாது என்று 124-வது விதியிலே எழுதியிருக்கிறது. ஆனால் அவர் கவர்னராகக் கூடாது, தூதராகக் கூடாது, நியமன உறுப்பினராகக் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. கறுப்பு அங்கி போட்டு ஒரு ஏழையின் கேஸை நடத்தத் தடை. அரசாங்க மாளிகையில் குடியேறத் தடையில்லை!

அரசியல் நிர்ணய சபையிலே 1949-ல் இந்தக் கேள்வி எழாமலும் இல்லை. நீதிபதிகளுக்கும் தடை வேண்டும் என்று கே. டி. ஷா போன்றோர் வாதாடினர். டாக்டர் அம்பேத்கர் வேண்டாம் என்றார். நீதிமன்றங்கள் பெரும்பாலும் தனி மனிதர்களுக்கிடையே உள்ள வழக்குகளைத்தான் தீர்க்கின்றன. அவற்றில் அரசாங்கத்துக்கு அக்கறை மிகக் குறைவு. ஆகவே அரசாங்கம் ஆசை காட்டி நீதிபதியைத் திருப்பும் வாய்ப்பும் மிகக் குறைவு என்பது அவர் கூறிய காரணம். அம்பேத்கர் இந்த நகரத்தின் உயர் நீதிமன்றத்திலேயே வக்கீல் தொழில் செய்தவர். அன்றைய நீதிமன்றத்தை நேரில் கண்டு சொன்னார். பாகப் பிரிவினையும் கடன் பத்திரமும் நிறைந்திருந்த காலம் அது. இன்று அரசாங்கமே நாட்டின் மிகப் பெரிய வழக்காடியாக ஆகிவிட்டது. நிலம் எடுப்பது, குடிசை அகற்றுவது, வேலை கொடுப்பது, சுரங்கம் ஏலம் விடுவது, தேர்தல் நிதி, குடியுரிமை எல்லாவற்றிலும் ஒரு பக்கம் அரசாங்கம் நிற்கிறது. காரணம் மாறிவிட்டபின் முடிவு மட்டும் மாறாமலிருப்பது அறிவுக்குப் பொருத்தமன்று. மாறிய சூழ்நிலையிலும் பழைய முடிவையே பிடித்துக்கொண்டிருப்பதை அம்பேத்கரே விரும்பியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

"அரசாங்கம் கொடுக்கும் பதவி வேண்டாம், சரி. மக்களிடம் சென்று ஓட்டுக் கேட்பதிலே என்ன குற்றம்? நீதிபதியும் பிரஜைதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் சரித்திரம் விடை சொல்கிறது. தலைமை நீதிபதி கே. சுப்பாராவ், 1967 பிப்ரவரி 27-ம் தேதி கோலக்நாத் வழக்கிலே, அடிப்படை உரிமைகளைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தார். ஏப்ரல் மாதம் ராஜிநாமா செய்து, எதிர்க் கட்சிகளின் வேட்பாளராக ஜனாதிபதித் தேர்தலிலே ஜாகிர் உசேனை எதிர்த்து நின்றார். 4,71,244-க்கு 3,63,971 என்ற வாக்கு மதிப்பில் தோற்றார். அவர் ஆளும் கட்சியிடம் எதையும் வாங்கவில்லை. அதை எதிர்த்தே நின்றார். ஆயினும், அரசாங்கத்துக்கு எதிராக அவர் எழுதிய தீர்ப்பைப் பார்த்து, "அன்றே மனத்திலே தேர்தல் இருந்ததோ?" என்று பேசுவோருக்கு ஒரு வாய்ப்பு ஏற்பட்டுவிட்டது. ஆளும் கட்சியின் வாசல் மட்டுமல்ல, எதிர்க் கட்சியின் வாசலும் மிக அருகிலே இருந்தால் தீர்ப்பின்மீது நிழல் விழத்தான் செய்யும்.

கங்கோபாத்யாயின் கதையிலும் இதுவே நடந்தது. மேற்கு வங்காளத்தில் ஆசிரியர் நியமன ஊழலை விசாரிக்க உத்தரவிட்டு, வேலை கிடைக்காத இளைஞர்களின் பாராட்டைப் பெற்றவர் அவர். அந்த இளைஞர்களின் குறை உண்மையானது. வழக்கு நடக்கும்போதே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார் என்பதற்காக, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றும்படி செய்தது. பின்னர் அவர் அந்த மாநிலத்து ஆளும் கட்சியின் எதிர்க் கட்சியிலேயே சேர்ந்தபோது என்ன ஆயிற்று? ஊழல் செய்தவர்களுக்கு, "பார்த்தீர்களா, எல்லாம் அரசியல்!" என்று சொல்ல வசதியாயிற்று. அவர் ஒரு தொகுதியை வென்றார். அவரை நம்பி வழக்காடிய இளைஞர்கள் தம் கையிலிருந்த ஆயுதம் மழுங்கக் கண்டார்கள்.

இதற்கு மாறான உதாரணங்கள் தமிழரிடையே உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், 1885-ல் இதே பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்குப் பிரதிநிதியாய் வந்தவர். 1907-ல் நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1916-ல்தான் ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவரானார். மறு ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதினார். அதற்காக அதிகாரிகள் சீறியபோது, 1918-ல் தம் சர் பட்டத்தையே துறந்தார். இலங்கையிலே சி. வி. விக்னேஸ்வரன் 2004-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 2013-ல் வட மாகாணத் தேர்தலில் நின்று முதலமைச்சரானார். 2020-ல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து இலங்கை நாடாளுமன்றத்துக்குச் சென்றார். அவருடைய அரசியலைப் பற்றி ஆயிரம் கருத்து வேற்றுமை இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் பதவிக்காகத் தீர்ப்பு எழுதினார் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 1907-லிருந்து 1916 வரை ஒன்பது ஆண்டு. 2004-லிருந்து 2013 வரை ஒன்பது ஆண்டு. தற்செயலான ஒற்றுமைதான், எனினும் கவனிக்கத் தக்கது. பாலக்காட்டு வி. ஆர். கிருஷ்ணய்யர் 1980-ல் ஓய்வு பெற்று, ஏழாண்டுகள் கழித்தே, 1987-ல் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றார். அவரைப் பற்றியும் இந்தச் சந்தேகம் எழவில்லை.

ரசாயனச் சாலையிலே முதல் ஆண்டு மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து எடுத்த பீங்கான் மூசையைச் சூட்டோடு தராசிலே வைக்கக் கூடாது. வைத்தால் என்ன? மூசையைச் சுற்றியுள்ள காற்று சூடேறி மேலெழும், தட்டு லேசாகும், முள் தவறான எடையைக் காட்டும். மூசையிலும் குற்றமில்லை, தராசிலும் குற்றமில்லை. ஆனால் எடை பொய். ஆகவே அதை டெசிக்கேட்டரிலே வைத்து ஆற விட்டுப் பிறகே நிறுக்கிறோம். அவசரப்பட்டு நிறுத்தவன் எவ்வளவு நேர்மையானவனாயிருந்தாலும் அவன் எண்ணை ஆசிரியர் ஏற்பதில்லை. நீதிபதிக்கும் ஆறும் காலம் ஒன்று வேண்டும் என்று சொல்வது அவரை அவமதிப்பதாகாது. அவருடைய நேற்றைய தீர்ப்புகளின் எடையை நாடு சரியாகப் பார்ப்பதற்கான ஏற்பாடு அது.

ஆகவே என் யோசனை இரண்டு. முதலாவது, அரசாங்கத்தின் கையில் இருக்கும் அரசியல் பதவிகளை, அதாவது கவர்னர், தூதர், நியமன உறுப்பினர் போன்றவற்றை, உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஏற்கவே கூடாது. கணக்குத் தணிக்கைத் தலைவருக்குப் போட்ட தடையை இவர்களுக்கும் போடுவதிலே புதுமை ஏதும் இல்லை. இரண்டாவது, தேர்தலில் நிற்பதற்குத் தடை வேண்டாம். ஆனால் பதவி விலகி ஐந்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஐந்தாண்டு என்பது ஒரு நாடாளுமன்றத்தின் ஆயுள். இன்று ஆள்கிறவர்கள் அன்று ஆள்வார்களா என்பது எவருக்கும் தெரியாத தூரம் அது. தனியார் கம்பெனியில் சேர விரும்பும் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிக்கே ஓராண்டுக் காலம் அனுமதி வேண்டியிருக்கிறது. குடிமக்களின் உயிரையும் உடைமையையும் கையில் வைத்திருந்தவருக்கு ஐந்தாண்டு அதிகமா?

சிலர் சொல்வார்கள்: உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதிலும் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதிலும் ஓய்வு பெறுகிறார்கள், அவர்களுடைய அறிவை வீணாக்கலாமா? வேண்டாம். ஓய்வு வயதை உயர்த்துவதானால் உயர்த்தலாம். முழுச் சம்பளத்தையே ஓய்வூதியமாகக் கொடுப்பதானாலும் கொடுக்கலாம். அவர்கள் நூல் எழுதட்டும்; மாணவர்க்குப் போதிக்கட்டும்; ஏழைகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்லட்டும். வயிற்றுக்குக் கவலையில்லாதபடி செய்வது நம் கடமை. அதற்கு மேல் ஆசைப்படாமலிருப்பது அவர்கள் கடமை.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு, அதுதான் வலுவானது. 1973-ல் தம்மைத் தாண்டி இளையவர் ஒருவரைத் தலைமை நீதிபதியாக்கியதற்காக ராஜிநாமா செய்த கே. எஸ். ஹெக்டே, நெருக்கடி நிலைக்குப் பின் 1977-ல் பெங்களூர் தெற்கிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சபாநாயகரும் ஆனார். ஐந்தாண்டுத் தடை இருந்திருந்தால், நாடு ஆபத்திலிருந்த அந்த நேரத்தில் அவர் நின்றிருக்க முடியுமா? முடியாது. அந்த நஷ்டத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஹெக்டேயை நான்காண்டிலே பெறுவதற்காக, பல பேரை இரண்டு நாளிலும் நான்கு மாதத்திலும் அனுமதிக்க வேண்டியிருக்கிறது. லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால் தடையே மேல் என்பது என் முடிவு. அதுவுமன்றி, ஆபத்துக் காலத்திலே மேடையில் பேசத் தடை ஏதும் இல்லையே! 1975-ல் சாக்ளா பேசியது எந்தப் பதவியின் பலத்தாலும் அன்று.

இது நடக்கக்கூடிய காரியமா? ஓய்வு பெற்ற நீதிபதிகள் அரசியல் பதவி ஏற்க இரண்டாண்டு இடைவெளி வேண்டும் என்று பம்பாய் வழக்கறிஞர் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2023 செப்டம்பரில் அம்மனு தள்ளுபடியாயிற்று. பதவியை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நீதிபதியின் மனச்சாட்சியைப் பொறுத்தது, இல்லையேல் சட்டம் இயற்றுவோரைப் பொறுத்தது என்பது நீதிமன்றத்தின் நிலை. 2025 ஜூனில், பம்பாய் உயர் நீதிமன்றத்திலிருந்து உயர்ந்து அப்போது தலைமை நீதிபதியாயிருந்த பி. ஆர். கவாய், ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி ஏற்பதும் ராஜிநாமா செய்து தேர்தலில் நிற்பதும் மக்களின் நம்பிக்கையைக் குலைக்கும் என்று லண்டனில் பேசினார். தாமும் தம் சகாக்கள் பலரும் அப்படிப் பதவி ஏற்பதில்லை என உறுதி கூறியிருப்பதாகவும் சொன்னார். நல்ல வாக்கு. ஆனால் ஒரு தலைமுறையின் சத்தியம் அடுத்த தலைமுறையைக் கட்டாது. 1958-ன் சட்டக் கமிஷன் அறிக்கை, கையெழுத்துப் போட்டவரையே கட்டவில்லை என்பதைப் பார்த்தோம். ஆகவே சட்டமே வேண்டும். அதை இயற்ற வேண்டியவர்களோ, பதவியைக் கொடுத்துப் பயனடைகிறவர்கள். தாமாக இயற்ற மாட்டார்கள், கேட்டால்தான் இயற்றுவார்கள்.

தமிழ் மாணவ நண்பர்களே, கேட்பது நம் வேலை. நம் சங்கத்தின் விவாத மேடையிலே சினிமாவையும் கிரிக்கெட்டையும் ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்வோம். நம்மிலே சட்டம் படிப்போர் மசோதா ஒன்றை எழுதிக் காட்டட்டும். மராத்தி நண்பர்களையும் வங்காளி நண்பர்களையும் அழைத்து வைத்துப் பேசுவோம். ஓட்டுக் கேட்டு நம் சந்துகளுக்கு வருகிறவர்கள் எந்தக் கட்சிக்காரராயினும், "நீதிபதிகளுக்கு ஐந்தாண்டுத் தடை கொண்டு வருவீர்களா?" என்று கேட்போம். குழாயும் கக்கூஸும் கேட்கிற இடத்தில் இதென்ன கேள்வி என்று அவர்கள் சிரிக்கக்கூடும். குழாயும் கக்கூஸும் கிடைக்காதபோது நம் மக்கள் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தைப் பற்றிய கேள்வி இது என்று அவர்களுக்குச் சொல்லுவோம்.